பதினாறாம் நாளுக்கு முன்பே: மதுரைச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர் வட்டாரங்களிலும் உள்ள உறவின்முறைச் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், ஓய்வூதியர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஒரு வீட்டில் கேதம் என்று சேதி வந்தால், சொந்தக்காரர்கள் வண்டி பிடித்து வருவதற்குள் வாசலில் நிற்பவர்கள் நீங்கள். பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்லி, ஐஸ் பெட்டி வரவழைத்து, தத்தனேரி மயானத்துக்கோ மூலக்கரை மயானத்துக்கோ நேரம் சொல்லிவைத்து, எடுக்கும்வரை கூடவே இருக்கிறீர்கள். சில சங்கங்கள் அன்றைய செலவுக்கு நிதியும் கையில் கொடுக்கின்றன. பத்திரம், வருவாய்த் துறை, வங்கி, மருத்துவமனை என ஒரு சாவுக்குப் பின்னால் வரும் காகிதங்களைத் தொழிலாகக் கையாளும் நாங்கள் சிலர் சேர்ந்து உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இந்த உதவியில் பாதியை, உறுப்பினர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே செய்துகொடுங்கள். அவர் போனபின் சங்கம் என்ன முயன்றாலும் தீராத பல சிக்கல்கள், அவர் இருக்கும்போது இரண்டு மூன்று நாள் வேலையில் தீரக்கூடியவை.

பதினாறாம் நாளிலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் அதிகச் சேதம் அங்கேதான் நடக்கிறது. கருமாதி முடிந்த மத்தியானம், வெளியூர் பிள்ளைகள் கிளம்புவதற்குள் பெரியவர்கள் உட்கார்ந்து பங்கு பேசி, இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது நம் பக்கத்து வழக்கம். சண்டை வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் வீட்டையும் நிலத்தையும் அந்தத் தாளாலேயே பிரித்தால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அது கட்டாயம் பதிய வேண்டிய பாகப்பிரிவினைப் பத்திரம். பதியாவிட்டால் யாருக்கு எந்தப் பாகம் என்று நிரூபிக்க நீதிமன்றத்தில் அதைக் காட்ட முடியாது. அதை நம்பி வங்கி கடன் தராது, வில்லங்கச் சான்றில் அது ஏறாது. பத்து வருடம் கழித்து ஒருவர் தன் பங்கை விற்கப் போகும்போதுதான் இது தெரியவரும். அதற்குள் கையெழுத்துப் போட்டவர்களில் இருவர் இறந்திருப்பார்கள், அவர்களுடைய வாரிசுகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பேச்சில் வழக்கமாக விடுபடுவது இரண்டு பேர். ஒருவர் கட்டிக்கொடுத்த மகள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்பதால் அவருடைய பங்கு போய்விடாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை தந்த திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் வந்தது. தந்தை 2005-இல் உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. மகள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். பதினாறாம் நாள் தாளில் போட்ட கையெழுத்து அதற்கு ஈடாகாது.

விடுபடும் இன்னொருவர், இறந்தவரின் வயதான தாய். மகன் முந்திப் போய்விட்டால் மருமகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் சமமாகத் தாய்க்கும் ஒரு பங்கு உண்டு. அந்தம்மாள் பிறகு உயில் இல்லாமல் இறந்தால், அவருடைய பங்கில் இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் வந்துவிடுவார்கள். நாற்பது வயதில் இறந்த ஒருவருடைய வீட்டில் பிற்காலத்தில் சித்தப்பாவும் அத்தையும் பங்கு கேட்பது இப்படித்தான். கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சட்டம் அப்படி இருக்கிறது. அந்த மகன் ஒரு பக்கம் உயில் எழுதியிருந்தால் போதும்.

அதனால் உயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. கட்டாயமானது சாட்சிதான். எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதைக் குறைந்தது இரண்டு பேர் கண்ணால் பார்த்தோ, அது தன் கையெழுத்துதான் என்று அவரே சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவரிடம் இன்று கையெழுத்து வாங்கிவிட்டு, சாட்சிகளிடம் மறுநாள் அவர் இல்லாமல் வீடு வீடாகப் போய் வாங்கினால் அந்த உயில் நிற்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடையாளம் காட்டுபவர்கள் வேறு, உயிலுக்குச் சாட்சி போடுபவர்கள் வேறு. அடையாளம் காட்டியவர் இருக்கிறாரே என்று சாட்சிக் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள்.

பதிவு செய்த உயிலாக இருந்தாலும், வழக்கென்று வந்தால் உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டமும் அதைத்தான் சொன்னது, இப்போதுள்ள 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. எழுபத்தைந்து வயதுக்காரர் தன் வயது நண்பர்கள் இருவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. அவர் போகும்போது சாட்சிகளும் போயிருப்பார்கள். அதன்பின் கையெழுத்து இன்னாருடையது என்று வேறு வழியில் நிரூபிக்க அலைய வேண்டும். உங்கள் சங்கத்தில் நாற்பது வயதுக்குட்பட்ட, ஊரைவிட்டுப் போகாத, சொத்தில் சம்பந்தமில்லாத நான்கைந்து பேரைச் சாட்சிக்கென்று முன்வரச் செய்தால், அதுவே பெரிய உபகாரம். சொத்துப் பெறுகிறவர் சாட்சி போடக் கூடாது. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் மனைவி, கணவருக்கோ கொடுத்த சொத்து செல்லாமல் போகும். இந்துக்களின் உயிலுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், சந்தேகத்துக்கு அதுவே முதல் காரணமாகிவிடும்.

உயிலுக்குள் எழுதும் விவரத்தில்தான் கவனம் வேண்டும். ‘மேலத்தெரு வீடு மூத்தவனுக்கு, கிணத்துமேட்டுக் காடு இளையவனுக்கு’ என்று எழுதினால் வீட்டாருக்குப் புரியும், தாலுகா அலுவலகத்துக்குப் புரியாது. கிராமம், பட்டா எண், சர்வே எண் உட்பிரிவோடு, பரப்பளவு, நான்கு எல்லை, மூலப்பத்திரத்தின் எண், ஆண்டு, சார்பதிவகம் ஆகிய எல்லாம் வேண்டும். உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அடித்துத் திருத்திய இடத்தில் எழுதியவரும் சாட்சிகளும் கையெழுத்து. ‘இதில் சொல்லாமல் விடுபட்ட சொத்தும், இனிமேல் வரும் சொத்தும் இன்னாருக்கு’ என்ற ஒரு வரியை மறக்காதீர்கள். அது இல்லாத உயில்களில் கடைசியாகப் போட்ட வைப்புநிதி ஒன்றுக்காகத் தனியாக அலைய நேரும்.

ஒரு பிள்ளைக்குக் குறைவாகவோ, கொடுக்காமலோ விட்டால் அதற்கான காரணத்தை உயிலிலேயே இரண்டு வரியில் எழுத வேண்டும். கடைக்குட்டி வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டார், மூத்தவருக்கு ஏற்கெனவே மனை வாங்கிக் கொடுத்தாயிற்று என்ற அளவுக்குப் போதும். காரணமே சொல்லாமல் ஒருவரை விட்ட உயிலையும், ஆஸ்பத்திரிப் படுக்கையில் நடுங்கும் கையெழுத்தோடு எழுதிய உயிலையும், சொத்து பெறுகிறவரே ஆள் கூட்டிவந்து முடித்த உயிலையும் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். எழுதுகிறவருக்கு எண்பது வயது என்றால், தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்று வாங்கி இணைத்துவிடுங்கள்.

மனைவிக்கு எழுதும் வரியில்தான் அதிக வழக்குகள். ‘என் மனைவி ஆயுள்வரை அனுபவித்து, அவருக்குப்பின் மகன்கள் அடைய வேண்டியது’ என்று பழைய வாசகத்தை அப்படியே எழுதுகிறார்கள். அந்த அம்மாளுக்கு விற்க உரிமை உண்டா, வைத்தியச் செலவுக்கு அடமானம் வைக்கலாமா, வாடகை யாருக்கு என்ற கேள்விக்கெல்லாம் அதில் பதில் இல்லை. முழு உரிமை கொடுப்பதானால் அப்படியே எழுதுங்கள். ஆயுள் உரிமைதான் என்றால் வாடகை, பழுதுச் செலவு, வீட்டுவரி மூன்றும் யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள். எங்களைக் கேட்டால், அவர் குடியிருக்கும் வீட்டையாவது மனைவிக்கு முழு உரிமையாக எழுதுவதே நியாயம் என்போம்.

பெண்களும் உயில் எழுத வேண்டும் என்று உங்கள் மகளிர் அணியில் சொல்லுங்கள். குழந்தையில்லாத விதவை உயிலில்லாமல் இறந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய சொத்து முதலில் கணவர் வீட்டு வாரிசுகளுக்குப் போகும். தாய் தந்தையிடமிருந்து வந்தது மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கை மகளுக்கு ஒன்றும் வராது. டீச்சராகவோ நர்ஸாகவோ வேலை பார்த்து ஓய்வுபெற்று, தனியாக வாழும் எத்தனையோ பேருக்கு இது தெரியாது. இரண்டு குடும்பம் உள்ளவர்களும் கட்டாயம் எழுத வேண்டும். பந்தலில் வைத்து அதைப் பேசினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவமானம்தான் மிஞ்சும்.

இஸ்லாமியர்களுக்குக் கணக்கு வேறு. அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், வாரிசு ஒருவருக்கே எழுதுவதற்கும் அப்படியே. மஹல்லா ஜமாஅத்தில் கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது. கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், கல்யாணம் ஆனவுடன் தானாக ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும்.

பதிவு செய்வதா வேண்டாமா என்று கேட்பார்கள். செய்யுங்கள். தொலைந்தாலும் நகல் இருக்கும், யாரும் மாற்றி வைக்க முடியாது. நடக்க முடியாதவர் என்றால் காரணத்தைச் சொல்லி விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவதற்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் ஒன்று: உயில் தனிப் புத்தகத்தில் பதிவாகிறது, வில்லங்கச் சான்றில் அது வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகலும் அவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே இன்ன அலுவலகத்தில் இன்ன ஆண்டு பதிந்திருக்கிறது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அசலைத் தனிப்பெயரில் உள்ள வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். அவர் இறந்தபின் லாக்கரைத் திறக்கவே தனியாக மனுச் செய்ய வேண்டியிருக்கும். மதுரையில் இருப்பவர் மதுரைச் சொத்துக்கு எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற சான்று, வாங்குவது கட்டாயமில்லை. பட்டா மாற்றக் கொடுக்கும்போது மற்ற வாரிசுகளையும் விசாரிப்பார்கள், அவ்வளவுதான்.

உயிலுக்குப் பதிலாக இப்போதே தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்கிற உறுப்பினர்களைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய் என்று செலவு குறைவாக இருப்பதால் பலரும் இதற்குப் போகிறார்கள். உயிலை நினைத்தால் நாளைக்கே மாற்றலாம், செட்டில்மென்டை மனம் மாறி ரத்து செய்ய முடியாது. பிள்ளை பார்க்காவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ரத்து கேட்கலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கொடுத்தது என்று காட்ட வேண்டும். எழுதித்தான் தீருவேன் என்பவருக்கு அந்த நிபந்தனையையும், ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். ‘பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா’ என்று தயங்குவார்கள். எழுதாமல் விட்டுப் பிறகு கோட்டாட்சியர் அலுவலக வராண்டாவில் காத்திருக்கும் முதியவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம்.

இனி நாமினி. வங்கியில் நாமினி போட்டுவிட்டேன், அதனால் உயில் வேண்டாம் என்பது பரவலான நம்பிக்கை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, பங்குகளைப் பற்றிய தீர்ப்பு 2023 டிசம்பரில் வந்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் விலக்கு உண்டு. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவராக மட்டுமே. எல்லாச் சேமிப்புப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பேரைப் போட்டது இன்னும் அப்படியே கிடக்கும்.

நாமினியும் இல்லை, தொகையும் பெரிது என்றால் வங்கி இறங்குரிமைச் சான்று கேட்கக்கூடும். அது சிவில் நீதிமன்றம் தருவது, விளம்பரம் செய்து, விசாரித்து, மாதக்கணக்கில் ஆகும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு. அது யார் யார் வாரிசு என்று சொல்லுமே தவிர யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் தாசில்தார் வழங்குவார்.

செலவுப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையையும் போன் பரிவர்த்தனையையும் வைத்து அன்றைக்கே பணம் எடுப்பது சகஜமாக நடக்கிறது. சாவுச் செலவுக்குத்தான் எடுத்தேன் என்றாலும் அது முறையற்றது, பின்னால் மற்ற பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம்வரை ஒரு கூட்டுக் கணக்கில், ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் வைத்துவிட்டால் யாரும் திருடராக வேண்டியதில்லை. பவர் பத்திரம் கையில் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். கொடுத்தவர் இறந்த நொடியே பவர் செத்துவிடும். அவருடைய செல்போன் எண்ணை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள், எல்லா ஓ.டி.பி.யும் நகைக்கடன் ஏல அறிவிப்பும் அதற்குத்தான் வரும். ஓராண்டாவது ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள்.

ஓய்வூதியர் சங்கத்தாருக்கு: ஓய்வூதியப் புத்தகத்தில் மனைவியின் பெயர், பிறந்த தேதி, கூட்டுப் புகைப்படம் மூன்றும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அதில் ‘முத்துலட்சுமி’, ஆதாரில் ‘எம். லட்சுமி’ என்று இருந்தால் குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நின்றுவிடும். இறந்த மாதத்துக்குப் பின் ஏறிய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், ஆகவே கருவூலத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

இறப்பு நாளின் காகிதங்களுக்கு வருகிறோம். இறப்பு பதிவாவது குடியிருந்த ஊரில் அல்ல, இறந்த இடத்தில். உசிலம்பட்டிக்காரர் ராஜாஜி மருத்துவமனையில் இறந்தால் மதுரை மாநகராட்சியில்தான் பதிவு. 21 நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. 30 நாள்வரை தாமதக் கட்டணம், அதற்குமேல் ஓராண்டுவரை அதிகாரியின் எழுத்து அனுமதி, ஓராண்டு தாண்டினால் வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு. படிவத்தில் பெயரை எழுதுகிறவர் பக்கத்து வீட்டுப் பையனாக இருக்க வேண்டாம். ஆதாரையும் பத்திரத்தையும் எதிரில் வைத்துக்கொண்டு இன்ஷியல் முதற்கொண்டு ஒத்துப்பார்த்து எழுதுங்கள். அங்கே ஓர் எழுத்து பிசகினால் காப்பீடு, பட்டா, வங்கி மூன்றிலும் ‘இருவரும் ஒருவரே’ என்று சான்று வாங்கிக்கொண்டு திரிய வேண்டும்.

வீட்டில் இறந்தால் மருத்துவர் தரும் காரணச் சான்று, படிவம் 4ஏ, வேண்டும். கடைசி நோயில் பார்த்த மருத்துவர்தான் அதைத் தர வேண்டும். ஒரு வருடமாக எந்த மருத்துவரிடமும் காட்டாத முதியவர் இரவில் வீட்டில் இறந்தால், முன்பின் பார்க்காத மருத்துவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அது அவர் தவறில்லை. படுக்கையில் இருப்பவர்களை அந்தத் தெரு மருத்துவர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். விபத்து, பாம்புக்கடி, மின்சாரம், தற்கொலை என்றால் போலீசுக்குச் சொல்லாமல் எடுக்கவே கூடாது. வண்டியில் அடிபட்டு ஒரு மாதம் கழித்து வீட்டில் இறந்தவருக்கும் இது பொருந்தும். பிரேதப் பரிசோதனை இல்லாவிட்டால், விபத்தால்தான் இறந்தார் என்று இழப்பீட்டு வழக்கில் நிரூபிப்பது பெரும்பாடு.

கண் தானம் செய்ய விரும்பியவர் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் வங்கி நம் ஊரிலேயே இருக்கிறது, அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். கண்புரை அறுவை செய்தவர், கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். உடல் தானத்தை மதுரை மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறை பெற்றுக்கொள்கிறது. முன்பே எழுதிக்கொடுத்திருந்தாலும் அன்றைக்குக் குடும்பத்தார் சம்மதித்தால்தான் நடக்கும். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும் சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் ஏற்கமாட்டார்கள், வெளிநாட்டு மகனுக்காக நாள்கணக்கில் காத்திருந்தாலும் கஷ்டம். எலும்பும் சாம்பலும் இல்லாமல் காடாற்றையும் அஸ்தி கரைக்கத் திருப்புவனம் போவதையும் என்ன செய்வது என்று அந்தக் குடும்பம் முன்பே பேசி முடிவெடுத்திருக்க வேண்டும்.

இந்த விருப்பங்களை உயிலில் எழுதி வைப்பது வீண். உயிலைப் பிரிக்கும்போது பதினாறு நாள் ஆகியிருக்கும். எரிப்பதா புதைப்பதா, எந்த மயானம், யார் கொள்ளி வைப்பது, மேளம் உண்டா, எவ்வளவுக்குமேல் செலவு செய்யக்கூடாது என்பதைத் தனித்தாளில் எழுதி, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு நகல் கொடுக்கச் செய்யுங்கள். மகள் கொள்ளி வைக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அந்தத் தாளில் சங்கச் செயலாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், வாசலில் வாக்குவாதம் குறையும். கிராமங்களில் ‘என் தோட்டத்திலேயே வையுங்கள்’ என்று கேட்பவர்கள் நிறைய. ஊராட்சிப் பகுதியில் மயானமாக அனுமதி பெறாத இடத்தில் அடக்கம் செய்ய 1999-ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை, தோண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் குடும்பம் தாங்காது. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவரை அதை அகற்றாமல் மின், எரிவாயு மேடையில் ஏற்றக் கூடாது. சூட்டில் வெடிக்கும், ஊழியருக்கு ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையின் நகல், அவருடைய ஆவணங்களை வைத்திருக்கும் உறையில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியை மூன்று முனை பிளக்கில், எர்த் சரியாக உள்ள இடத்தில் மட்டும் மாட்டுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுத்தான் அழுகிறார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377 என்ற எண்ணில் கேட்கலாம். தனியார் வண்டிக்குக் கடன் வாங்கத் தேவையில்லை.

செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதையும் எழுதலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். ஒரு நகல் குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும்.

நாங்கள் கேட்பது, வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மண்டபத்தில் இதற்காகக் கூட்டம் வையுங்கள் என்பதுதான். ஒரு தடவைக்கு இருபது குடும்பம் போதும், கணவன் மனைவி இருவரும் வர வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, எல்லாப் பத்திரங்களின் முதல் பக்கம், பட்டா, வீட்டுவரி ரசீது, வங்கிப் புத்தகங்கள், காப்பீட்டுப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம், நகைக்கடன் அட்டை, கொடுத்த வாங்கிய புரோநோட்டு விவரம் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வேலை, பெயரும் இன்ஷியலும் எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்ப்பது. இரண்டாவது, பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கும் வேலையை, அந்த இறப்புகளை நேரில் அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும். மூன்றாவது, நாமினி. உயில் கடைசியில்தான். புரோநோட்டுக்கு மூன்று வருடக் கெடு தாண்டியதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அன்றைக்கே யாரிடமும் எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள். வரைவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, இரண்டு வாரம் யோசிக்க விடுங்கள். பிள்ளைகள் கூட இல்லாமல், எழுதுகிறவரிடம் மட்டும் தனியாக ஒருமுறை படித்துக்காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், படித்துக்காட்டி அவர் ஒப்புக்கொண்டார் என்ற வரியைச் சேர்த்து, படித்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தாகும் நாளில் இரண்டு சாட்சிகளும் முதலிலிருந்து கடைசிவரை அதே அறையில் இருக்கட்டும். சங்கப் பதிவேட்டில் உயிலின் உள்ளடக்கம் ஏறக் கூடாது, அது இருக்கிறது என்பதும் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதும் யாரிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் மட்டும் போதும்.

இப்படிக்கு,
பத்திரம், வருவாய், வங்கி, மருத்துவமனைப் பணிகளில் உள்ள சிலர்,
மதுரை.